நோவுக் குளிசை மருந்தில்லையாம்

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்த நேரம் எனக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. அனுப்பியவள் கல்முனையில் நான் விஞ்ஞானம் கற்பித்த மாணவி. இப்போது மூன்று பிள்ளைகளின் தாய். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

“டீச்சர், கோவிக்காதீங்க. நீங்க அங்க வேலைக்குப் போறதுக்காக வேணுமெண்டே ரெண்டாவது புள்ளய நிப்பாட்டி வெச்சிரிக்கிறீங்களாம். இங்க கதைக்காங்க. நான் நம்பல்ல. கேக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்ற?”

பதில் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டி மறுபடியும் அழித்தேன். இரண்டு வரியில் சொல்கிற விஷயமா இது? கோபம் ஆறட்டும், பிறகு ஆறுதலாக எழுது என்றார் கணவர். ஆறினால் நான் எழுத மாட்டேன். அதனால் இப்போதே எழுதுகிறேன், அவளுக்கும் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம். எனக்கு நாற்பது வயது. எங்களுக்கு ஒரு மகள், ஹனா. பதினாறு வயது. இரண்டாவது பிள்ளையை நான் நிப்பாட்டவில்லை. அதற்காக இங்கே நான் ஏறாத படியில்லை, கொடுக்காத இரத்தமில்லை.

2

மருதமுனையில் எங்கள் வீடு. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஏழு வருடம் படிப்பித்தேன். பதினோராம் வகுப்பில் இனப்பெருக்க அலகு வரும்போது பல இடங்களில் “வீட்டில வாசிச்சிட்டு வாங்க” என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டியதில்லை. கரும்பலகையில் சூலகத்தை ஒரு பெரிய மாங்காய் அளவுக்கு வரைவேன். அதற்குள் சிறு புடைப்பு, அது வளர்ந்த புடைப்பு, வெடித்துச் சூல் என்ற முட்டை வெளியேறும் புடைப்பு, அதன்பின் அது மாறி வரும் மஞ்சட்சடலம் என்று வட்டமாக வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் முதலில் குனிந்து சிரிப்பார்கள். பிறகு கொப்பியில் வரைவார்கள்.

ஒரு நாள் ஒருத்தி எழும்பிக் கேட்டாள், அது எப்படி வெடிக்கிறது என்று. உள்ளே நீர் கூடக் கூட அழுத்தம் ஏறி வெடிக்கும், பலூன் மாதிரி என்றேன். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரிக்குமேல் தேடிப்பார்க்க எனக்கும் தோன்றவில்லை. நான் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியப் பல வருடம் ஆனது. அது தெரிந்த விதம்தான் இந்தக் கதை.

இங்கே வந்ததும் என் சான்றிதழ்களை மொழிபெயர்த்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் ஆசிரியப் பயிற்சி இந்த நாட்டின் எந்தத் தகைமைக்கும் சமமல்லவாம். ஆனால் நான் பாடசாலை சென்றிருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்கிறார்களாம். அந்த ஏற்புக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் பாவம், பார்சல் களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாமல் அந்தக் கடிதத்தை எனக்காக அகராதி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு பெரிய சலவை ஆலையில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்புகள் அங்கே வரும். ஈர விரிப்புகளைக் கூடையிலிருந்து இழுத்து இயந்திரத்தில் ஏற்றுவது என் வேலை. மூன்றாவது வருடம் இடுப்பு பிடித்தது. காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போனது. எங்கள் குடும்ப வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டில் ‘என்ட்சுண்டுங்’, அதாவது அழற்சி, என்றார். அந்தச் சொல்லுக்குள் தீ மூட்டுதல் என்ற சொல் இருக்கிறது. நம்முடைய அழற்சிக்குள்ளும் அழல் இருக்கிறது. உடம்பில் நெருப்புப் பற்றியிருக்கிறது, அதை அணைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

அணைக்க அவர் தந்தது இபுபுரோஃபன் என்ற நோவுக் குளிசை. அறுநூறு மில்லிகிராம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இந்த நாட்டில் அது எல்லார் கைப்பையிலும் இருக்கும். நான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அது வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை அவருடைய வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமலே புதுச் சீட்டு எழுதித் தருவாள். இப்படியே வருடங்கள் போயின.

3

ஹனாவுக்குப் பதினொரு வயதானபோது இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டோம். ஒரு வருடம் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. குடும்ப வைத்தியர் இருக்கும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பெண்களுக்கான மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. அங்கே திகதி எடுத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று தொலைபேசியில் கேட்டோம். அதற்குக் காப்புறுதி பொறுப்பில்லை, வீட்டில் மொழி தெரிந்த யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார்கள். என் கணவருக்கு அன்று வேலை. வீட்டில் மொழி தெரிந்த இன்னொருவர் யார்? பன்னிரண்டு வயது ஹனா.

வெள்ளைப் பலகையில் பொருத்திய நான்கு பக்கப் படிவத்தை அவள் மடியில் வைத்தார்கள். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, எத்தனை நாள் நீடிக்கும், எப்போதிருந்து முயற்சி செய்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை என் காதுக்குள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒரு கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, “உம்மா, இத நீங்களே பாத்துப் போடுங்க” என்று படிவத்தை என் பக்கம் திருப்பினாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது. எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. எட்டு வாரம் காத்திருந்து கிடைத்த திகதி அது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. நீங்கள் வழமையாக மருந்து உட்கொள்கிறீர்களா என்பது அதன் பொருள். ஹனா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

“உம்மா, நீங்க ஒழுங்கா மருந்து எடுக்கிறயாண்டு கேட்டிரிக்கி.”

“என்ன மருந்து மகள்? எனக்கு ஒரு வருத்தமும் இல்லயே. இல்லெண்டு போடுங்க.”

அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீலப் பேனையால் அடையாளம் போட்டாள்.

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் எடுப்பதுதான் நமக்கு மருந்து. நோவுக் குளிசையை யார் மருந்தென்று சொல்கிறார்கள்? கல்முனையில் கடையில் தேயிலையோடு சேர்த்து வாங்கி வருவோம். என் கைப்பைக்குள் அன்றும் ஒரு பட்டை குளிசை இருந்தது. உள்ளே போனபோது மருத்துவர் படிவத்தைப் புரட்டினார், தலையை ஆட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு என்ன வேலை, உடம்பில் எங்கே நோகிறது என்றும் கேட்கவில்லை. இரண்டு மாடி கீழே குடும்ப வைத்தியரின் கணினியில் என் பெயருக்குக் கீழே மூன்று வருடச் சீட்டுகள் வரிசையாக இருந்தன. அங்கே தொலைபேசி எடுத்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

4

அதற்குப் பிறகு மூன்றரை வருடம். மாதத்தின் பின்பாதியில் இரத்தம் எடுத்து ஓமோன் அளவு பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல அளவு, சூல் வெளியேறியிருக்கிறது என்பார்கள். கணவரையும் பரிசோதித்தார்கள், குறையில்லை. கருக்குழாய்களைப் பார்த்தார்கள், அடைப்பில்லை. எல்லாம் சரி, மன அழுத்தத்தைக் குறையுங்கள், வயதும் போகிறதல்லவா என்று சொல்லி அனுப்புவார்கள்.

எல்லாம் சரி என்கிற மனுசிக்குப் பிள்ளை இல்லையென்றால் ஊர் சும்மா இருக்குமா? மாமி வெள்ளிக்கிழமைகளில் கல்முனையிலிருந்து அழைப்பார். நல்ல மனுசி, கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள், நான் குசினியில் நிற்கிறேன் என்று தெரியாமல், மகனிடம் மெதுவாகக் கேட்டார்.

“ரிஸ்வான், ஒண்டோட போதுமெண்டு நிப்பாட்டினது யார்ர முடிவு வாப்பா? ஆக்கள் கேக்காங்க.”

அவர் சொன்னார், “எங்க ரெண்டு பேர்ர முடிவும் இல்ல உம்மா. அது அல்லாஹ்ட முடிவு.”

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அல்லாஹ்வின் நாட்டத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டது மனிதர்கள். அன்று எனக்கு அது தெரியாது. ஆதலால் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

இன்னொன்று நடந்தது. படிவம் நிரப்பிய அந்த நாளுக்குப் பிறகு ஹனா என்னோடு எந்த அலுவலகத்துக்கும் வர மறுத்தாள். பாடம் இருக்கிறது, தலை இடிக்கிறது என்று ஏதாவது சொல்வாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். வயது என்று நினைத்தோம். என் உடம்பின் அந்தரங்கத்தைச் சுமக்க வைத்த பிறகு ஒரு பிள்ளை எப்படி அருகில் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்கு நான்தான் பொறுப்பு. அந்த நிலையத்தின் மீதுள்ள கோபத்தில் இதை மறைக்க மாட்டேன்.

5

சென்ற வருடம் இலைகள் உதிரும் காலம். வழமையான மருந்துக் கடை பூட்டியிருந்ததால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். மேசையில் இரண்டு பொருள் வைத்தேன். ஒன்று ஃபோலிக் அசிட், பிள்ளைக்கு முயற்சிக்கும் பெண்கள் எடுக்கும் விற்றமின். மற்றது இபுபுரோஃபனுக்கான சீட்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றது ஓர் இளம் பெண். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவள் போலத் தெரிந்தது. இரண்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, நான் விளங்கும்படி மெதுவாகக் கேட்டாள். பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்களா? இந்தக் குளிசையை எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள்? நாளுக்கு எத்தனை?

நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். நான் சொன்னதும் அவள் பேனையை வைத்துவிட்டாள். சூல் வெளியேறுவதே ஓர் அழற்சிதான், இந்தக் குளிசை அழற்சியை அணைப்பது, நாள்தோறும் எடுத்தால் சூல் வெளியேறாமல் நின்றுபோகலாம், உங்கள் மருத்துவரோடு உடனே கதையுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் அப்படியே இருந்தேன். பிறகு மடிக்கணினியைத் திறந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பல நாள் வாசித்தேன். நான் வருடம் வருடமாக வரைந்த அந்த மாங்காய்ப் படத்துக்குள் என்ன நடக்கிறது என்று முப்பத்தொன்பது வயதில்தான் படித்தேன்.

அது பலூன் மாதிரி வெடிப்பதில்லை. என் வாப்பாவுக்குச் சாகாமத்தில் வயல் இருந்தது. ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் விட வரம்பு உடையும் வரை யாரும் காத்திருப்பதில்லை. இடம் பார்த்து மண்வெட்டியால் ஒரு சிறு வாய் வெட்டுவார், அதற்கு வக்கடை என்று பெயர். சூலகத்திலும் அப்படித்தான் ஒரு வாய் வெட்டப்படுகிறது. மூளையடியிலிருந்து ஓமோன் கட்டளை வந்ததும் புடைப்பைச் சுற்றியுள்ள கலங்கள் இரசாயனச் செய்திகளை அனுப்பும். காயம்பட்ட இடத்துக்கு வருவதுபோல வெண்குருதிக் கலங்கள் வந்து சேரும். குருதிக் குழாய்கள் கசியும். புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகும். சுவரில் ஒரே ஓர் இடத்தை நொதியங்கள் கரைத்து மெலிதாக்கும். அங்கே திறந்து சூல் வெளியே வரும். அந்தக் காயம் ஆறி மஞ்சட்சடலமாகும். கரு தங்காவிட்டால் சில நாட்களில் கழிவு தின்னும் கலங்கள் வந்து அதையும் துப்புரவாக்கும். அடுத்த மாதம் திரும்பவும் நெருப்பு மூட்டி, வெட்டி, ஆற்றிக்கொள்ளும். ஒரு பெண்ணின் உடம்பு இதை முப்பத்தைந்து, நாற்பது வருடம் யாரும் பார்க்காமல் செய்கிறது.

நான் காலையும் மாலையும் விழுங்கியது அந்தப் புரொஸ்டாகிளாண்டினை நிறுத்தும் குளிசை. வெட்ட வந்த ஆளின் கையிலிருந்து மண்வெட்டியைப் பறித்த மாதிரி. அப்போது சூல் உள்ளேயே அகப்பட்டுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், திறக்காத புடைப்பும் மஞ்சட்சடலம் போல மாறி ஓமோனைச் சுரக்கும். இரத்தத்தில் அளவு நன்றாகவே தெரியும். அதனால்தான் மூன்றரை வருடமும் ‘எல்லாம் சரி’.

வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். தலையிடிக்கு எப்போதாவது ஒன்று போட்டவர்களைப் பற்றி நான் எழுதவில்லை. எல்லாருக்கும் இப்படி ஆவதுமில்லை. நிறுத்துவதையும் மாற்றுவதையும் வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். ஆனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

6

குளிசையை மாற்றினேன். உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போனேன், ஆலையில் சண்டை பிடித்து மடிக்கும் மேசைக்கு வேலையை மாற்றிக்கொண்டேன். மூன்றாம் மாதம் வேறொரு மருத்துவரிடம் ஸ்கேன் செய்தேன். முதல் நாள் திரையில் கறுப்பாக உருண்டையாக இருந்த புடைப்பு மூன்றாம் நாள் சுருங்கி மடிந்து கிடந்தது. திறந்திருக்கிறது என்றார் அவர். நான் அழுதேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

பிள்ளை இன்னும் இல்லை. குளிசை ஒன்றுதான் காரணமா என்று கேட்டால் எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். முப்பத்தாறிலிருந்து முப்பத்தொன்பது வரையான என் மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. அது மட்டும் உறுதி.

மூன்றாம் மாடிக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். பதில் ஒன்றரைப் பக்கம். வழமையான மருந்து பற்றிய கேள்விக்கு நோயாளி ‘இல்லை’ என்று பதிலளித்திருப்பதால் நிலையத்தின் மீது தவறில்லை, படிவத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

அந்தப் பிரதியை மேசையில் வைத்தது என் பிழை. ஹனா பாடசாலையால் வந்து எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுத் தன் எழுத்தை அவளுக்குத் தெரியாதா? அறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். கட்டிலில் அந்தத் தாளோடு இருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு என்னோடு தமிழில் கதைத்தாள்.

“நாந்தானே உம்மா ‘இல்ல’ண்டு போட்டது.”

“நான் சொன்னதத்தான் நீங்க போட்டீங்க மகள்.”

“நான் ஒழுங்காக் கேக்கல்ல.”

“கேக்க வேண்டியது நீங்க இல்ல.”

அவள் நம்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. என் மாதங்களைத் தொலைத்ததற்கு வந்த கோபம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் தங்கள் கடமையை ஒரு பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு, நாலு வருடம் கழித்து அவள் போட்ட அடையாளத்தைச் சாட்சிக்கு அனுப்புகிறார்கள்.

நிலையத்தின் தலைமை மருத்துவரைச் சந்திக்கத் திகதி கேட்டேன். ஆறு வாரம் கழித்துத் தந்தார்கள். கணவர் விடுமுறை எடுத்து வந்தார். ஹனா தானும் வருவேன் என்றாள். மொழிபெயர்க்க வேண்டாம், சும்மா பக்கத்தில் இருங்கள் என்றேன். சொல்ல வேண்டியதை எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அவர் வயதானவர், மரியாதையானவர். நான் குடும்ப வைத்தியரின் சீட்டுகளை, ஒரே கட்டடத்தின் முகவரி தெரியும்படி, அவருக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். என் பிழையான ஜெர்மனில் மூன்று கேள்வி கேட்டேன். நோவுக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று ஏன் ஒருவரும் வாயால் கேட்கவில்லை? இரண்டு மாடி கீழே ஏன் விசாரிக்கவில்லை? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்தப் படிவத்தை ஏன் கொடுத்தீர்கள்?

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். படிவத்தில் அந்தக் கேள்வி போதாது என்று ஒப்புக்கொண்டார். வலி நிவாரணி பற்றித் தனிக் கேள்வி சேர்ப்பதாகவும், இனிப் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை என்றும் சொன்னார். பிறகு என்னிடம், நடந்ததற்கு வருந்துகிறேன் என்றார்.

என்னிடம் சொல்ல வேண்டாம், இவளிடம் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கதிரையைத் திருப்பி ஹனாவைப் பார்த்தார். அது உன் தவறல்ல, கேட்பது எங்கள் வேலை, நாங்கள் கேட்கவில்லை என்றார். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை விலக்கிக்கொண்டு, அச்சுப் போட்டது போன்ற ஜெர்மனில், அதை எழுத்தில் தாருங்கள் என்றாள்.

சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று அவர் தொடங்கினார். நான் நிரப்பிய படிவத்தை அனுப்பும்போது அவர்களைக் கேட்டீர்களா என்றாள் ஹனா. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மருத்துவர் கதிரையை மேசைப் பக்கம் திருப்பினார். பிறகு தானே கணினியில் மூன்று வரி தட்டி, அச்செடுத்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, அவள் பெயருக்குக் கொடுத்தார்.

டிராமில் அதைப் பார்க்கக் கேட்டேன். ஹனா தரவில்லை.

“இது எனக்கு வந்த கடிதம் உம்மா” என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.